குசினியில் சொன்ன பிழையான விடைகள்

"வீட்டிலாவது நீ பேசுவாயா?"

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் வரலாற்று ஆசிரியை என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. ஆம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும். இரண்டு சொற்களும் என் வாய்க்குள் இருந்தன. மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்தன.

இந்த ஜெர்மன் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஒன்று என்பது மிகச் சிறந்த புள்ளி, ஆறு மிக மோசம். தாளில் எழுதச் சொன்னால் எனக்கு இரண்டு வரும். வகுப்பில் விரல் உயர்த்திக் கதைப்பதற்கு வேறாகப் புள்ளி உண்டு. அதில் எனக்கு ஆறு. எழுதுவதற்கு எவ்வளவு மதிப்போ ஏறக்குறைய அவ்வளவு மதிப்பு கதைப்பதற்கும். பத்தாம் வகுப்பின் நடுவில் ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத் தரிப்பில் நான் ட்ராமை விட்டு இறங்கவில்லை. கடைசித் தரிப்புவரை போனேன். அங்கே ஒரு தளபாடக் கடையும் வெறும் வயலும் இருந்தன. அதே ட்ராமில் திரும்பி வந்தேன். சில வாரங்கள் அப்படியே போய் வந்தேன். பிறகு ட்ராமில் ஏறுவதையும் விட்டுவிட்டேன்.

அம்மா கொலோன் நகரில் ஒரு தேவாலய மண்டபத்தைத் துப்புரவு செய்கிறார். அந்த மண்டபத்தின் கீழ்த்தளத்தில் புதனும் வெள்ளியும் எங்கள் தமிழ்ச் சங்கம் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்து வந்தது. வீட்டில் கிடந்து சுவரைப் பார்ப்பதைவிட வந்து மேசையையாவது துடை என்று அம்மா சொன்னார். அப்படித்தான் இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நான் அங்கே போகத் தொடங்கினேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது.

அதை நடத்தியவர் குணேஸ்வரி அக்கா. யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை செய்தவர், இங்கே ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. உணவகத்தில் கோப்பை கழுவுபவர்களின் பிள்ளைகள், அகதி வழக்கு இன்னும் முடியாதவர்களின் பிள்ளைகள், ரியூசனுக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அங்கே வந்தார்கள். நான்காம் வகுப்பு முடிந்ததும் இங்கே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகம் வரை போகக்கூடியவர்கள் என்று நினைப்பவர்களைக் கிம்னாசியத்துக்கும், கைத்தொழிலுக்குத்தான் சரி என்று நினைப்பவர்களை ஹவுப்ட்சூலேக்கும் அனுப்பச் சொல்லி வகுப்பாசிரியை எழுதிக் கொடுப்பார். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் பலருக்கு ஹவுப்ட்சூலே என்றே எழுதி வந்தது. அதை மாற்றத்தான் குணேஸ்வரி அக்கா சலவை வேலை முடிந்த கையோடு, சோப்பு மணத்தோடு, அந்தக் கீழ்த்தளத்துக்கு வந்தார்.

உள்ளே வந்ததும் அவர் சொல்லும் முதல் வசனம் எப்போதும் ஒன்றுதான். "வாயை மூடு, கொப்பியைத் திற."

பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். பென்சில் உராயும் சத்தமும் சூடாக்கிக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தமும் மட்டும் கேட்கும். பாதிரியார் ஒருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஜெர்மன் பிள்ளைகள் இப்படி இருக்கவே மாட்டார்கள் என்று வியந்தார். சங்கக் கூட்டங்களில் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த அமைதி எனக்கும் பிடித்திருந்தது. எவரும் என்னிடம் எதுவும் கேட்காத இடம் அது.

ஆதிரை கடைசி மேசையில் இருப்பாள். ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. தாய் சுந்தரேஸ்வரி விடுதியொன்றில் அறைகள் துப்புரவு செய்கிறவர். லண்டனுக்குப் போய்க் குடும்பத்தைக் கூப்பிடுவதாகச் சொன்ன தகப்பன் பிறகு தொலைபேசியையும் எடுப்பதில்லை. ஒற்றை அறை வீட்டில் அவளுக்கு இஸ்திரிப் பலகைதான் மேசை. உடுப்பு மடிக்க வேண்டி வந்தால் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போவாள். அவளுடைய கணக்கில் நான் பிழை கண்டதில்லை. அவள் குரலையும் கேட்டதில்லை.

ஒவ்வொரு வருடமும் பெற்றோர் சந்திப்பில் வகுப்பாசிரியை சுந்தரேஸ்வரி அன்ரியிடம் சொன்னது ஒன்றுதான்: ஆதிரை மிகவும் அமைதியான பிள்ளை. அன்ரி அதைக் கேட்டு இரண்டு கையாலும் ஆசிரியையின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வருவாராம். ஒரு வருடம் கேசரி செய்து கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார் என்றும் சொன்னார்கள். குணேஸ்வரி அக்கா மற்றப் பிள்ளைகளுக்கு அவளைக் காட்டி, இப்படி இருக்க வேண்டும் என்றார். என்னைப் பற்றியும் என் ஆசிரியைகள் அப்படித்தான் சொன்னார்கள், என் அம்மாவும் அப்படித்தான் மகிழ்ந்தார். இந்த நாட்டில் ஓர் ஆசிரியை ஒரு பிள்ளையை அமைதியானவள் என்று சொல்வது, பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறது என்று வைத்தியர் சொல்வது மாதிரி. நாங்கள் காய்ச்சலுக்குக் கேசரி செய்து கொடுத்தோம்.

மாசி மாதத் தொடக்கத்தில் ஆதிரைக்கு வந்த கடிதத்தில் ஹவுப்ட்சூலே என்று இருந்தது.

அன்று பிள்ளைகள் போன பிறகு பெரியவர்கள் கூடினார்கள். சுந்தரேஸ்வரி அன்ரி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். சங்கத்தின் பொருளாளர், பலசரக்குக் கடை வைத்திருக்கும் செல்வராசா அண்ணை, கறுத்தப் பிள்ளை என்றுதான் இப்படி எழுதியிருக்கிறார்கள், வழக்குப் போட வேண்டும் என்றார். ஆகன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் ஐங்கரன் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். தாய் விட்டுக் கொடுக்காமல் கிம்னாசியம்தான் வேண்டும் என்று நின்றால், பிள்ளையை வேறொரு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் சோதனை வகுப்புக்குக் கூப்பிடுவார்களாம். முன்பின் தெரியாத மூன்று பேர் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அந்த மூவரும் ஒருமித்து வேண்டாம் என்றால் எல்லாம் முடிந்தது. அதற்குள் பின்னக் கணக்கு முழுவதையும் தான் முடித்துத் தருவதாக அவன் சொன்னான். செல்வராசா அண்ணை பயிற்சிப் புத்தகங்களைத் தன் செலவில் வாங்கித் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் அச்சடித்த தாள்கள் தருவதாகச் சொன்னார்.

நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். ஆதிரையின் புள்ளி அறிக்கை அந்த மேசையில் கிடந்தது. அதை நகர்த்தாமல் துடைக்க முடியாது. எழுத்துக்கு ஒன்றும் இரண்டும். அதற்குக் கீழே, வகுப்பில் பங்கெடுப்பதில்லை என்று ஒரு வரி. என் அறிக்கையிலும் அந்த வரிதான் இருந்தது.

"அவ கதைக்கிறேல்ல. அதாலதான்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். முதலில் செல்வராசா அண்ணைதான் கதைத்தார். "அட, இந்தப் பிள்ளைக்கு வாயிருக்குதே. நான் இவ்வளவு நாளும் சங்கத்தின்ர மேசை எண்டெல்லோ நினைச்சன்."

சிலர் சிரித்தார்கள். குணேஸ்வரி அக்கா சிரிக்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். விரல் உயர்த்துவதற்கு வேறாகப் புள்ளி உண்டு என்பதைச் சொன்னேன். எனக்கும் அதுதான் நடந்தது என்பதையும் சொன்னேன். துடைக்கும் துணியிலிருந்து தண்ணீர் என் சப்பாத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா திரும்பி வெறும் மேசைகளைப் பார்த்தார். அவர் வாயை மூடச் சொன்ன பிள்ளைகள் இருந்த மேசைகள்.

"அப்ப நீ பழக்கு" என்றார்.

"நானோ?"

"வேற ஆர்? எங்களுக்கு இப்பிடியொரு வியாதி இருக்கிறதே தெரியாது. உனக்கு வந்த வருத்தமெல்லோ."

ஊமைக்கு ஊமை ரியூசன் என்று செல்வராசா அண்ணை யாருக்கோ மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

மண்டபத்தோடு ஒட்டியிருந்த குசினியை எங்களுக்குத் தந்தார்கள். பெரிய அலுமினியத் தொட்டி, வெள்ளை ஓடு பதித்த சுவர்கள், பாதிரியாரின் கோப்பித் தட்டுகள் அடுக்கிய அலுமாரி. முதல்நாள் நானும் ஆதிரையும் எதிரெதிரே இருந்து தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் முடிந்ததும் எழுந்து வந்தோம். இரண்டாம் முறையும் அப்படியே. குழாய் சொட்டுகிறது என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரிந்தது.

எனக்கு எது பயமாக இருந்தது என்று அந்த இரவு யோசித்தேன். பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம். சரியான விடை தெரிந்தபோதும் அதில் ஏதோ ஒரு மூலையில் பிழை இருக்கும் என்று தோன்றும். அடுத்த புதன்கிழமை குசினிக் கதவைச் சாத்திவிட்டு ஆதிரையிடம் ஒரு விதி சொன்னேன். விரலை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். கூப்பிட்டால் எதையாவது சொல்லியே ஆக வேண்டும். ஆனால் பிழையான விடைதான் சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னால் தோல்வி. எல்லாம் ஜெர்மன் மொழியில். எங்களுக்குத் தொண்டை அடைத்தது அந்த மொழியில்தான்.

ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டேன். ஆதிரை நகத்தைக் கடித்தாள். சுட்டுவிரல் காதுவரை போய் நின்றது.

"ஆம், ஆதிரை."

"நூறு" என்றாள். குரல் கரகரவென்று இருந்தது.

ஜெர்மனியின் தலைநகரம் எது என்றேன். விரல் இன்னும் கொஞ்சம் மேலே போனது. "உருளைக்கிழங்கு" என்றாள். சொல்லிவிட்டுத் தானே பயந்து வாயைப் பொத்தினாள். பிறகு பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன். அந்த ஓட்டுச் சுவர்கள் சிரிப்பைப் பெரிதாக்கித் திருப்பி அனுப்பின.

அதற்குப் பிறகு அவள் என்னையும் விடவில்லை. அவள் ஆசிரியையாகி என்னைக் கேட்டாள். ரைன் ஆறு எங்கே பாய்கிறது, ரீச்சரின் தலையிலா? ஆம், ரீச்சரின் தலையில்தான் என்று நான் விரல் உயர்த்திச் சொன்னேன். எங்கள் சத்தம் கேட்டு ஒருநாள் குணேஸ்வரி அக்கா கதவைத் திறந்தார். நாங்கள் இருவரும் விரலை மேலே வைத்தபடியே உறைந்துபோனோம். அவர் கதவைச் சாத்தினார். வெளியே பிள்ளைகள் என்ன சத்தம் என்று கேட்க, "படிக்கினம்" என்று அவர் சொன்னது கேட்டது.

மெல்ல மெல்லப் பிழைகள் தீர்ந்துபோயின. சரியான விடைகளையும் அவள் அதே குரலில் சொல்லப் பழகினாள். மற்ற நாட்களில் நான் எவரோடும் கதைப்பதில்லை. அம்மா வேலைக்குப் போய்விடுவார், பேக்கரியில் பாண் வாங்கினாலும் விரலால் காட்டி வாங்குவேன். வெள்ளிக்கிழமை வீடு திரும்பும்போது மட்டும் தொண்டை வலிக்கும். அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. சனி, ஞாயிறில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது பிடிக்கவில்லை.

ஒருமுறை ஆதிரை கேள்வி எதுவும் இல்லாதபோது விரலை உயர்த்தினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தமிழில் கேட்டாள்.

"அக்கா, நீங்கள் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டனீங்கள்?"

"பிழையான விடை சொல்லலாமோ?"

"ஏலாது. இது சரியான விடை சொல்லவேண்டிய கேள்வி."

"எனக்கு இப்பிடியொரு குசினி கிடைக்கேல்ல" என்றேன்.

அவள் யோசித்துவிட்டுச் சரி என்று தலையசைத்தாள், புள்ளி போடுகிறவள் மாதிரி.

பங்குனி மாதத்தில் சோதனை வகுப்பு வந்தது. சுந்தரேஸ்வரி அன்ரிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நான் முன்பு கடைசித் தரிப்புவரை போய்த் திரும்பிய அதே ட்ராம். சோதனை வகுப்பு நடந்த பள்ளிக்கூடம் அதன் பாதி வழியில் இருந்தது. இறங்கும்போது என் கையும் அவள் கையும் ஒரே அளவு குளிர்ந்திருந்தன.

முதல்நாள் வெளியே வந்தவள் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். உயர்த்தினாயா என்று கேட்டேன். இல்லை. இரண்டாம் நாள் நாடிவரை உயர்த்தினாளாம், எவரும் காணவில்லையாம். ஐங்கரன் மாலையில் தொலைபேசி எடுத்துப் பின்னக் கணக்கு வந்ததா என்று கேட்டான். வந்தது என்றாள், எழுதினேன் என்றாள். மூன்றாம் நாள் காலை பள்ளிக்கூட வாசலில் நின்று அவள் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, சைக்கிள் விடுற இடத்தில நில்லுங்கோ. அங்கயிருந்து பாத்தா எங்கட வகுப்பு யன்னல் கண்ணாடி தெரியும்."

நின்றேன். குளிர் சப்பாத்துக்குள் ஏறியது. கீழ்மாடிக் கண்ணாடிக்கு உள்ளே பிள்ளைகளின் தலைகள் தெரிந்தன. பின்சுவரோடு மூன்று பேர் மடியில் தாள்களோடு இருந்தார்கள். ஆசிரியை பலகையில் ஏதோ காட்டிக் கேட்டார். விரல்கள் எழுந்தன. ஆதிரையின் விரல் இல்லை. இன்னொரு கேள்வி. இல்லை. அவள் ஒருமுறை கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் என் சுட்டுவிரலை உயர்த்தினேன். சைக்கிள்களுக்கு நடுவில், எவரும் எதுவும் கேட்காத இடத்தில், விரலை உயர்த்திக்கொண்டு நின்றேன்.

நாயோடு வந்த ஒரு கிழவி என்னைப் பார்த்து நின்றார். யாரையாவது எதிர்பார்த்து நிற்கிறாயா என்று கேட்டார்.

"ஆம்" என்றேன்.

வாய்க்குள் நிற்காமல் அது வெளியே வந்தது. கிழவி நல்லது என்று சொல்லி நாயை இழுத்துக்கொண்டு போனார். நான் திரும்பிப் பார்த்தபோது ஆதிரையின் விரல் மேலே இருந்தது. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். ஆசிரியை வேறொருவனைக் கேட்டார். விரல் இறங்கவில்லை. பிறகு ஆசிரியை அவளைப் பார்த்தார். ஆதிரையின் வாய் அசைந்தது. பின்சுவரில் இருந்த ஒருவர் குனிந்து எழுதினார். கண்ணாடிக்கு வெளியே எனக்கு எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது ட்ராமில் கேட்டேன். "என்ன சொன்னனி?"

"பிழையான விடை."

"வேணுமெண்டோ?"

"இல்லை, சரியெண்டுதான் சொன்னன். பிழையாப் போச்சு. ஒரு பொடியன் சிரிச்சான். நான் திரும்பவும் உயர்த்தினன். அந்த விடை சரி." கொஞ்சம் பொறுத்து, "பிறகு எத்தினையோ தரம் உயர்த்தினன்" என்றாள். இரண்டு தரிப்புகளுக்குப் பிறகு என் தோளில் நித்திரையாகிவிட்டாள்.

கிம்னாசியத்துக்குப் போகலாம் என்று கடிதம் வந்தது.

சங்கம் மண்டபத்தில் சிறிய விருந்து வைத்தது. செல்வராசா அண்ணையின் கடையிலிருந்து சோடாவும் மிக்சரும் வந்தன. குணேஸ்வரி அக்கா பேசும்போது ஒருவரையும் விடாமல் பெயர் சொன்னார். றீற்றா என்று என் பெயரையும் சொன்னார். கைதட்டினார்கள். யாரோ ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம், அந்தப் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டார். பதில் மெல்லச் சொல்லப்பட்டது. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

சுந்தரேஸ்வரி அன்ரி பின்னால் வந்தார். ஈரமாக இருந்த என் கைகளை இரண்டு கையாலும் பிடித்தார். நீ செய்ததை மறக்கமாட்டேன் என்று சொல்லி அழுதார். கண்ணைத் துடைத்த பிறகும் அவர் போகவில்லை.

"குறை நினையாதை, பிள்ளை. இனி அவ அங்க படிக்கிற பிள்ளையளோடதான் சேரவேணும். உன்னில அவவுக்கு அவ்வளவு பாசம். நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தா, றீற்றா அக்காவும் பள்ளிக்கூடத்தை விட்டவதானே எண்டு சொல்லுவா. நான் தனி ஆள். எனக்குப் பயமாக் கிடக்கு."

"ஓம் அன்ரி" என்றேன். அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

கோடை விடுமுறைக்குப் பிறகு வீட்டுப்பாட அறை மாறியிருந்தது. குணேஸ்வரி அக்கா இப்போது உள்ளே வந்ததும் கொப்பியையும் வாயையும் சேர்த்துத் திறக்கச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைகளில் ஒரு மணிநேரம் பிள்ளைகள் விரல் உயர்த்திக் கத்துகிறார்கள். பாதிரியார் இரண்டு தடவை வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். அதை நீயே நடத்து என்று அக்கா முதலில் என்னிடம்தான் கேட்டார். ஒருநாள் முன்னால் நின்று பார்த்தேன். அவ்வளவு முகங்களும் ஒன்றாகத் திரும்பியபோது பழையபடி வாய் மூடிக்கொண்டது. இப்போது ஐங்கரன் நடத்துகிறான், நன்றாக நடத்துகிறான். வேலை செய்கிறவர்களுக்கு மாலையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, நீ போகலாம் என்று அக்கா விசாரித்து வந்து சொன்னார். யோசிக்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன். குசினியில் குழாய் இப்போதும் சொட்டுகிறது.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை ஆதிரை வந்தாள். செல்வராசா அண்ணை வாங்கித் தந்த பயிற்சிப் புத்தகங்களை அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பதற்காகக் கொண்டுவந்திருந்தாள். கூடவே மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு ஜெர்மன் பிள்ளை. இருவரும் படியிறங்கும்போதே கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஆதிரைதான் அதிகம் கதைத்தாள், வேகமாக, கையை ஆட்டி ஆட்டி. நான் தொட்டியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டேன். கரகரப்பு எதுவும் இல்லை.

புத்தகங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள் குசினி வாசலில் நின்றாள். மஞ்சள் ஜாக்கெட்காரி எட்டிப் பார்த்து, யார் இவர் என்று அவளிடம் கேட்டாள். ஆதிரை என்னைப் பார்த்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். பிறகு சுட்டுவிரலை உயர்த்தினாள்.

நான் குழாயை இறுக்கிப் பூட்டினேன். கையைத் துடைத்தேன்.

"ஆம், ஆதிரை" என்றேன்.

விரல் அப்படியே நின்றது. அவள் வாய் சிறிது திறந்தது. மேலே படிக்கட்டின் உச்சியில் சுந்தரேஸ்வரி அன்ரியின் குரல் கேட்டது, ட்ராம் வரப் போகிறது என்றார். மஞ்சள் ஜாக்கெட்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

ஆதிரை தாயின் குரல் வந்த பக்கம் பார்த்தாள், விரலை மெல்ல இறக்கி ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு, படியேறிப் போனாள்.